ஏழு நொடி மேசை

பித்தளைத் துண்டை வேண்டுமென்றே நழுவவிட்டாள்.

வட்ட மேசை காத்திருக்கவில்லை. காலிப் பிடியோடு சுழன்று டிரில்லுக்கு அடியில் போய் நின்றது. டிரில் வெறுங்காற்றில் இறங்கி ஏறியது. அடுத்த நிலையில் டேப் இறங்கி, ஒன்றுமில்லாததற்கு மரை போட்டது.

விற்பனையாளர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். முதலாளி அவளைப் பார்த்தார்.

மெஷின் வாங்கப் போகும்போது பட்டறையின் வேகமான கையைக் கூட்டிப்போவது அவர் வழக்கம். பதினோரு வருடமாக அந்தக் கை அவளுடையது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லையென்றால் பொய்.

இரண்டு மேசைகள் இருந்தன. ஒன்று நாலு நொடிக்கு ஒருமுறை சுழலும். மற்றது ஏழு நொடிக்கு. துண்டை வைப்பது மட்டும்தான் ஆள் வேலை. அவள் கைக்கு ஒத்துவருவதை வாங்குவார். பிறகு பட்டறையில் யார் முறை வந்தாலும் அதே வேகம்தான்.

நாலு நொடி அவளுக்கு ஒரு விஷயமே இல்லை.

பட்டறையில் கூட வேலை செய்யும் வேலாத்தாவுக்கு வலது தோளைத் தூக்க வராது. டெய்சிக்கு மணிக்கட்டு வீங்கியே இருக்கிறது. பர்வீனுக்குச் சாயங்காலமானால் கண் மங்கும். கையால் மரை போடும்போது அலுத்தால் நிறுத்தி ஒரு மூச்சு விட்டுக்கொள்ளலாம். இது நிற்காது.

இன்னொன்றையும் நழுவவிட்டாள். அடுத்ததைச் சாய்த்து வைத்தாள்.

ஒழுங்காகச் செய்வதைவிட இது அலுப்பாக இருந்தது. விரல்கள் பழக்கத்தில் சரியான இடத்துக்கே ஓடின. பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

பிறகு ஏழு நொடி மேசையில் ஒன்றையும் நழுவவிடவில்லை.

"சரி, இதையே போடுங்க," என்றார் முதலாளி.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

திரும்பும்போது வேனில் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவருக்குக் கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"உனக்கும் முடியலேன்னு இன்னைக்குத்தாம்மா தெரிஞ்சுது. மெஷின் வந்ததும் நீ பேக்கிங்குக்குப் போயிரு."

பேக்கிங் என்பது கை ஓய்ந்தவர்களை உட்காரவைக்கும் இடம். அவளே இரண்டு பேரை அங்கே அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.

"சரிங்க," என்றாள்.

பட்டறைக்குள் நுழைந்ததும் மூன்று பேரும் கையை நிறுத்தினார்கள்.

"ஏழு," என்றாள்.

டெய்சி கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டாள். பர்வீன் சிரித்தாள். வேலாத்தா மட்டும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏழா? உங் கைக்கு என்னாச்சு புள்ளே?"

"வயசாகுதில்லக்கா," என்றாள் அவள்.