புதன்கிழமைக் காற்று

புதன்கிழமை காற்று பலமாக இருக்கும், மிக்கோனோஸ் தீவுப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது என்று கேப்டன் யாகுமிஸ் கூசாமல் சொன்னபோது, படகின் சமையற்காரி ஸ்மாரோ காபித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அன்று மதியம்தான் அவளும் வானிலை பார்த்திருந்தாள். புதன்கிழமை இலைகூட அசையாது.

நக்ஸோஸ் தீவின் துறைமுகத்தில், பாய்மரப் படகின் மேசையில் வரைபடத்தை விரித்து ஒரு வாரத் தீவுப் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். படகை வாடகைக்கு எடுத்தவர் தெசலோனிக்கி நகரத்து வக்கீல் அரிஸ்தீதிஸ். விடுமுறையிலும் ஆபீஸ் பேச்சா என்று அவருடைய போனை மனைவி தியோனி பிடுங்கிப் பெட்டியில் பூட்டியிருந்தாள். பிள்ளைகள் மூன்று. மூன்றும் படகின் முன்பக்கம் ஒன்றின் முடியை ஒன்று பிடித்துக்கொண்டு உருண்டுகொண்டிருந்தன.

மிக்கோனோஸ் வக்கீலின் பல வருட ஆசை. அவர் முகம் வாடிவிட்டது.

"அப்ப புதன்கிழமை எங்க போறது?"

"லித்தாரின்னு ஒரு சின்னத் தீவு சார். காத்துக்கு நல்ல மறைவு. ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு. மிக்கோனோஸை வெள்ளிக்கிழமை திரும்புற வழியில அரை நாள் எட்டிப் பாத்துக்கலாம்."

ஸ்மாரோவுக்குச் சுருக்கென்றது. அவள் வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாவது வாரம். அதற்குள் மற்ற படகுக்காரர்கள் காதில் போட்டிருந்தார்கள்: லித்தாரியில் கடை வைத்திருக்கும் நிக்கிதாஸ் கேப்டனின் சிநேகிதன், ஆள் கூட்டிப்போனால் கேப்டனுக்குச் சாப்பாடும் ஒயினும் ஓசி. போன வாரம் தேனிலவு ஜோடி வந்தபோது நிஜமாகவே பேய்க்காற்று. இதே மனிதர் சீட்டி அடித்துக்கொண்டே மிக்கோனோஸ் போனார். இப்போது சாப்பிட ஐந்து பேர் என்றதும் இல்லாத காற்று கிளம்பிவிட்டது. ஒரு கோப்பை ஒயினுக்காக அடுத்தவன் ஆசையில் மண் போடுவதா?

குழம்பில் உப்பு கூடினால்கூடத் தானே போய்ச் சொல்லிவிடுகிற ரகம் அவள். வக்கீல் தண்ணீர் கேட்டுச் சமையலறைப் பக்கம் வந்ததும் போட்டு உடைத்துவிட்டாள்.

"காத்தெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நான் பாத்துட்டேன்."

வக்கீல் மேலே போய்ச் சண்டை எதுவும் போடவில்லை. மிகுந்த மரியாதையோடு, காற்று அடித்தால் அடிக்கட்டும், புதன்கிழமை மிக்கோனோஸ் என்றே வைத்துக்கொள்வோம் என்றார். கேப்டன் வரைபடத்தில் லித்தாரிக்குப் போட்டிருந்த பென்சில் கோட்டை அழித்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கினார்.

குப்பை போட இறங்கிய ஸ்மாரோவின் காதில் அவர் பேச்சு விழுந்தது.

"புதன்கிழமை வரலைப்பா நிக்கிதா. மோஸ்காகிட்ட சொல்லிட்டியா? ஏன்யா முந்திக்கிட்டுச் சொன்னே? சரி, அழுதா சமாதானம் சொல்லு. அடுத்த குடும்பம் வரட்டும், பாப்போம்."

"மோஸ்கா யாரு கேப்டன்?"

அவர் திரும்பினார். "நிக்கிதாஸ் பொண்ணு. எட்டு வயசு. அந்தத் தீவுல இருக்கிற ஒரே குழந்தை. பள்ளிக்கூடத்துலயும் அவ ஒருத்திதான். முதல் ரேங்க்கும் அவதான், கடைசி ரேங்க்கும் அவதான்."

ஸ்மாரோவுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. "இதை நேராவே சொல்லியிருக்கலாமே. அவங்க என்ன மாட்டேன்னா சொல்வாங்க?"

"ஒரு குடும்பத்துகிட்ட சொல்லிப் பாத்தேன். பாவம் அந்தப் பொண்ணு, அனுசரிச்சு விளையாடுங்கன்னு பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க. எல்லா ஆட்டத்துலயும் தோத்துக் குடுத்தாங்க. சாயங்காலம் மோஸ்கா என்கிட்ட வந்து, 'மாமா, இவங்களும் பெரியவங்க மாதிரியேதான் இருக்காங்க'ன்னா." கேப்டன் படகின் முன்பக்கம் பார்த்தார். "அவளுக்குப் பரிதாபம் வேணாம் ஸ்மாரோ. முடியைப் பிடிச்சு இழுத்துச் சண்டை போட ஆள் வேணும். இந்த மூணும் அதுக்கு எவ்வளவு பொருத்தம் பாரு."

ஸ்மாரோவின் நாக்கில் சனி குடியிருப்பதாக அவள் அம்மா சொல்வதுண்டு. இன்றுவரை அவள் அதை ஒப்புக்கொண்டதில்லை.

படகில் ஏறியவள் நேராக வக்கீல் முன் போய் நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க சார். நான் பழைய வானிலையைப் பாத்துட்டு உளறிட்டேன். கேப்டன் சொன்னதுதான் சரி. புதன்கிழமை காத்து பயங்கரமா இருக்குமாம்."

வக்கீல் கடலைப் பார்த்தார். அது தாம்பாளத்துத் தண்ணீர்போலக் கிடந்தது. ஆனால் அலை என்றாலே தலைசுற்றுகிற தியோனி அதற்குள் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மிக்கோனோஸ் எங்கயும் ஓடிப்போகாதுங்க. அந்தச் சின்னத் தீவுக்கே போயிடலாம்."

வக்கீல் பெருமூச்சு விட்டார். "சரி, புதன் ஒரு நாள்தானே. வியாழக்கிழமை காலையில அங்கேருந்து கிளம்பிடலாம் இல்லையா?"

பின்னால் கேப்டன் வந்து நிற்பது ஸ்மாரோவுக்குத் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமைதான் முடியும் சார். வியாழக்கிழமையும் காத்துதான்."