நாற்பது நிமிடச் சுற்று

முதலாளி தன் சின்ன விமானத்தில் மகளோடு குமரியிலிருந்து காஷ்மீர் வரை பறக்கப் போகிறார். வழியைத் திட்டமிடுவது ஜெபக்கனியின் வேலை.

“கோவில்பட்டிக்கு மேல மழைமேகம் நிக்குது சார். சுத்திப் போனா நாப்பது நிமிசம் கூடும்.”

“எதுக்குச் சுத்தணும்? மேகம் கலைக்கிற கம்பெனிக்காரங்ககிட்ட கலைச்சு விடச் சொல்லும்மா.”

சொன்னாள். சொன்ன கையோடு கோவில்பட்டியிலிருந்து தம்பி ஞானதுரை அழைத்தான்.

“எக்கா, ரெண்டு வருசம் கழிச்சு மேகம் கறுத்து நிக்கி! இருந்த உளுந்தையெல்லாம் மழைய நம்பிப் புழுதியில வெதைச்சுக்கிட்டு இருக்கேன்.”

“நிறுத்துடா. மழை வராது.”

“ஏசி ரூம்புல உக்காந்திருக்கவளுக்கு வானத்தப் பத்தி என்ன தெரியும்?” என்று சிரித்தான். கொஞ்ச நேரத்தில் அவன் சிரிப்பு நின்றுபோனது.

“எக்கா,” என்றான், “வெளுக்குது.”