மைனஸ் பொத்தான்

ஏசி ரிமோட்டில் மைனஸ் பொத்தானைத் தேடிய அவள் கட்டைவிரலில் செலோடேப் தட்டுப்பட்டது.

நேற்று கணவர் ஒரு சுற்றுதான் ஒட்டியிருந்தார். பிய்த்துப் போட்டிருந்தாள்.

இன்றைக்கு மூன்று சுற்று.

ஏசியின் நெற்றியில் இருபத்தாறு என்று எரிந்துகொண்டிருந்தது. வெளியே வேலூர் வெயில். மே மாதம், மத்தியானம் மூன்று மணி. உள்ளே ஏசி சத்தமே இல்லாமல் ஓடியது. ஐந்து ஸ்டார், இன்வெர்ட்டர். கரண்டு மிச்சமாகும் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியது.

அந்த ஏசி அறையில் உட்கார்ந்துதான் அவள் ஒரு கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் கணவர் கழுத்துவரை போர்வை போர்த்திப் படுத்திருந்தார்.

நகத்தால் டேப்பின் முனையைச் சுரண்டினாள்.

"ஒரு டிகிரி குறைச்சா கரண்டு ஆறு பர்சென்ட் ஏறும்," என்றார் கண்ணைத் திறக்காமலே.

இந்த வீட்டில் காலையில் சுப்ரபாதம் கேட்கிறதோ இல்லையோ, இது கேட்கும். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். ஏசிக்கு மட்டும் ஐந்து ஸ்டார்.

அப்போது அது வந்தது.

வயிற்றுக்கு மேலே எங்கோ கிளம்பி மார்பு, கழுத்து, காது என்று ஏறியது. உள்ளே யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி. ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூக்கு நுனியில் வியர்வை நின்றது.

அவள் சொல்லாமல் இல்லை. மாதவிலக்கு நின்றுபோகிற வயசு, ஒன்றிரண்டு வருஷம் உடம்பு இப்படித்தான் திகுதிகுவென்று எரியும் என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். சோறு போடும்போது ஒரு தடவை. பஸ்ஸில் ஒரு தடவை. அழுதுகொண்டே ஒரு தடவை.

"மே மாசத்துல யாருக்குத்தான் எரியல?" என்றார்.

முதல் தடவை சொன்னது அக்டோபரில்.

ரிமோட்டைக் கட்டிலில் எறிந்தாள்.

"இந்த ரூம்ல எனக்கு மூச்சு முட்டுதுங்க."

எழுந்து உட்கார்ந்துவிட்டார். முகத்தில் உண்மையான கவலை. அவளுக்கே ஒரு நிமிஷம் ஆச்சரியமாக இருந்தது.

"கூலிங் வரலியா? கேஸ் லீக் ஆவுதோ? வாரண்டி வேற பத்து நாள்ல முடியுதே!"

உடனே போன் போட்டார்.

ஐந்து மணிக்கு சகாயம் வந்தார். ஏசியை மாட்டிக்கொடுத்த அதே மெக்கானிக். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். மாடிக்குப் போய் வெளிப்பெட்டியில் கேஸ் பார்த்தார். திரும்பி வந்து ஏணியில் ஏறி, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைச் சுவரில் காட்டினார்.

இருபத்தாறு.

பீரோவில் காட்டினார். இருபத்தாறு.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். புதுசாட்டம் இருக்குது."

"பாத்தியா?" என்றார் கணவர் அவளிடம். பிள்ளை முதல் ரேங்க் வாங்கிய பூரிப்பு.

சகாயம் ஏணியிலிருந்து இறங்கவில்லை. மேலே நின்றபடி போர்வையைப் பார்த்தார். பத்திரிகையைப் பார்த்தார். அவளுடைய நனைந்த கழுத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஸ்குரூடிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எத்தினி மாசமா மேடம்?"

"எட்டு."

"வாங்கியே பதினோரு மாசம்தான்," என்றார் கணவர். "அப்ப மூணு மாசம் நல்லா ஓடியிருக்கு."

சகாயம் துடைத்ததையே துடைத்தார்.

"எங்க வீட்லயும் இதே கதைதான் சார். கூலிங் பத்தல, கூலிங் பத்தலன்னு டெய்லி சண்ட. மெக்கானிக் நானே மூணு வாட்டி கேஸ் அடிச்சேன். அப்பறம்தான் புரிஞ்சுது, கோளாறு ஏசில இல்லன்னு."

அவள் விசிறுவதை நிறுத்தினாள். எட்டு மாதத்தில் இதைப் புரிந்துகொண்ட முதல் ஆள், ஏணி மேல் நிற்கிற ஒரு அந்நியர்.

கணவர் யோசித்தார். புருவம் சுருங்க, நன்றாகவே யோசித்தார். கேட்டுவிடுவார், இப்போது கேட்டுவிடுவார் என்று அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்ல எந்தக் கம்பெனி?"

சகாயம் இறங்கி வந்தார். கட்டிலில் கிடந்த ரிமோட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்து பிளேடை எடுத்து மூன்று சுற்று டேப்பையும் ஒரே கீறலாகக் கீறினார். ரிமோட்டை அவளிடம் கொடுத்தார்.

சர்வீஸ் தாளில் எழுதினார்: புகார், கூலிங் இல்லை. செய்த வேலை, ரிமோட் சரி செய்யப்பட்டது.

"கஸ்டமர் கையெழுத்து," என்று நீட்டினார்.

கணவர் கையை நீட்டினார். தாளும் பேனாவும் அவரைத் தாண்டி அவளிடம் போயின.

அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். பாதிப் பெயரில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. மை கலைந்து பரவியது.

"ஐயய்யோ, தண்ணி ஒழுவுதே!"

கணவர் பதறி அண்ணாந்து பார்த்தார்.

மேலே ஒன்றும் இல்லை. வெறும் தளம். ஏசி எதிர்ச் சுவரில் இருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே அண்ணாந்து நின்றார்.

பிறகு மெதுவாகத் தலையை இறக்கி, வியர்த்து வழிந்த அவள் முகத்தைப் பார்த்தார்.