கல்லில் ஏறிய பெயர்

கல்லூரி உடற்பயிற்சித் துறையை முப்பது வருஷம் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவர் கலியமூர்த்தி. தன் முறைப்படி பயிற்சி செய்தவன் எமனுக்கே தண்ணி காட்டுவான் என்று மேடைதோறும் முழங்குவார். அவரைக் கல்லூரிக் கட்டடக் கமிட்டிக்காரர்கள் உச்சி வெயிலில் மைதானத்துக்குக் கூட்டிவந்து மாலை போட்டார்கள்.

"பத்து சுத்து ஓடிக் காட்டுங்க முசே! ஊரே அசந்துபோகணும்," என்றார் செயலாளர் சுப்பராயன், பிரெஞ்சுக்காரர் காலத்து மரியாதை மாறாமல்.

அறுபத்தெட்டு வயதில் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் மனசு குளிராது? ஓடினார். ஆறாவது சுற்றில் நெஞ்சுக்குள் யாரோ கயிறு முறுக்கினார்கள். கமிட்டி கைதட்டியது. ஒருவரும் தண்ணீர் நீட்டவில்லை.

ஓட்டத்தை விட்டு, மைதானத்தை ஒட்டிய புது உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் மூச்சிரைக்க நின்றார். சுவரில் பதித்த கல்லை மூடியிருந்த துணி காற்றில் விலகியது.

'கலியமூர்த்தி நினைவுக் கூடம். 1893–1961.'

அன்று 1961 டிசம்பர் இருபத்தெட்டு.

"என்னய்யா இது?"

"நீங்க போட்ட விதிதான் முசே. உயிரோட இருக்கறவங்க பேரை எந்தக் கட்டடத்துக்கும் வைக்கக் கூடாது. உங்களுக்கு ஆகாத அந்த வாலிபால் தெய்வநாயகம் பேரு வந்துடக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வச்சீங்க? ஞாயித்துக்கிழமை திறப்பு விழா."

கலியமூர்த்தி ஓரடி பின்வாங்கினார். "நான் வீட்டுக்குப் போறேன். வேற பேரு வச்சிக்குங்க."

"அதுக்கென்ன முசே. தெய்வநாயகம் போன மாசம்தான் தவறிட்டாரு. அவரு கல்லும் தயாரா இருக்குது."

கலியமூர்த்தி தன் பெயரை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினார்.

"இன்னும் எத்தினி சுத்து பாக்கி?"