ஒரு மீட்டர் தே தாரிக்

ரஸ்னாவை எழுப்பிக் கதை சொல்லச் சொன்னால் சலுகை காட்டுவதாக மற்ற பிள்ளைகள் சொல்வார்கள். எழுப்பாவிட்டால் இவள் முகம் வாடிவிடும். சக்கீனா டீச்சர் யோசித்து யோசித்துக் கடைசியில், "ரஸ்னா, உன் கதை?" என்றாள்.

ஆரம்பப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு வகுப்பில் அன்று நீள அளவை மாற்றும் கணக்கைக் கதையாகச் சொல்ல வேண்டும். கதைமாந்தர், இடம், சிக்கல், தீர்வு நான்கும் இருக்க வேண்டும்.

"கதைமாந்தர் எங்க வாப்பா. இடம் ஈப்போவுல எங்க சாப்பாட்டுக் கடை. வாப்பா ஒரு மீட்டர் உயரத்துக்குக் கையத் தூக்கி, நுரை வர டீய ஆத்தித் தே தாரிக் இழுப்பாரு. இப்ப நாப்பது சென்டிமீட்டர்தான் டீச்சர்."

"எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"அறுபது சென்டிமீட்டர்."

"சரி. சிக்கல்?"

"தோள் வலி. டாக்டர்கிட்ட போனா ஊசி போடுவாங்கன்னு பயம்லா."

வகுப்பு சிரித்தது. சக்கீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "தீர்வு?"

"உம்மாவுக்குத் தெரியாம நான் தைலம் தேச்சு விடுறேன்."

"ஐயோ, டீச்சர்தானே உன் உம்மா!" என்று கத்தினான் பவித்ரன்.

ரஸ்னா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மெல்ல மேசையருகே வந்து கிசுகிசுத்தாள்.

"டீச்சர், உம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க."

சக்கீனா அவள் கதைக்கு முழு மதிப்பெண் போட்டாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது மட்டும் முடியாது என்று தலையாட்டினாள்.