கல்லூரிக்குப் போன முகம்

அனல்மின் நிலையத்தில் சேர இளைஞர்கள் யாரும் முன்வராததால், நிர்வாகம் மூத்த பொறியாளர் வேதவல்லியின் முகத்தையும் குரலையும் கேட்டு வாங்கியது. செயற்கை நுண்ணறிவால் அவளைப் போலவே பேசும் ஓர் உருவத்தைச் செய்து, கல்லூரி கல்லூரியாகத் திரையில் பேசவிட்டது. அது என்ன பேசுகிறது என்று வேதவல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

ஜூன் மாதம் ரோஸ்லின் என்ற பெண் வேலையில் சேர்ந்தாள். வந்ததும் வேதவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், பெங்களூர் வேலைய வேணாம்னுட்டு வந்துட்டேன். எல்லாம் உங்களாலதான்."

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"சாம்பல், தூசின்னு வீட்ல பயந்தாங்க. நீங்கதான், 'என் பொண்ணையே இங்கதான் சேர்க்கப்போறேன், உங்களுக்கென்ன பயம்'னு கேட்டீங்க. அத வீட்ல போய்ச் சொன்னதும் அப்பா சரின்னுட்டார். உங்க பொண்ணு சேர்ந்துட்டாங்களா மேடம்?"

வேதவல்லி கூசிப்போனாள். இந்தப் புகை படவே கூடாது என்று மகளைச் சிறு வயதிலேயே கோயம்புத்தூர் விடுதிக்கு அனுப்பியவள் அவள். 'அது நான் இல்லம்மா' என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்தப் பெண் அத்தனை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷம் சேர்ந்துடுவா" என்றாள்.

இந்த முறை பொய் சொன்னது அவளேதான். ரோஸ்லினின் முகத்தைப் பார்க்க முடியாமல், அவளுக்கு ஹெல்மெட் எடுத்துத் தருகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.