தலைக்கு வைக்கும் சீயக்காய்

பந்தல் கீற்றின் இடுக்கில் இறங்கும் வெயில், நாற்காலியில் சாய்த்து வைத்த மாதம்மாளின் நெற்றியில் பொட்டுப் பொட்டாக அசைகிறது. பாலக்கோட்டில் சீயக்காய்த் தூள் கம்பெனி நடத்தியவள். கடைசிக் குளிப்புக்கு முன் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைக்க உறவுப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரே வாரிசான மகள் சுகந்தியிடம் அத்தை கம்பெனிப் பாக்கெட்டை நீட்டுகிறாள். அதன்மேல் படத்தில் அம்மாவே சிரிக்கிறாள். "பிரிச்சுக் குடும்மா, நேரமாவுது." சுகந்தியின் விரல் பாக்கெட்டின் மூலையிலேயே நிற்கிறது. உள்ளே காய் ஒரு பிடி, மிச்சமெல்லாம் மரத்தூள் என்பது அவளுக்குத் தெரியும். கம்பெனிக்குக் காய் கொண்டுவரும் சித்தேரி மலைச் செல்லி, இழவுக்கும் வெறுங்கையோடு வராமல் மடியில் சீயக்காய் கட்டி வந்திருக்கிறாள். "செல்லிக்கா, அதை அரைச்சுட்டு வாங்க. அம்மா தலைக்கு இது வேண்டாம்." வரிசையில் ஒருத்தியின் கை மெல்லத் தன் கொண்டையைத் தொட்டுப் பார்க்கிறது.